நான்கு கண் பாலமும் அதைப் பார்க்க வந்தவர்களும்

நம் வயதுக்காரர்கள் நாலு பேர் கூடினால் பேச்சு எப்படியும் அந்தக் காலத்துப் பெரியவர்களிடம் போய் நிற்கிறது. என்ன கண்ணியம், என்ன பெருந்தன்மை என்று ஆளாளுக்கு உருகுகிறீர்கள். நானும் உங்களோடு உட்கார்ந்து தலையாட்டியிருக்கிறேன். எண்பதைத் தாண்டிய பிறகும் ஆட்டிக்கொண்டிருந்தால் அதற்குப் பெயர் மரியாதை இல்லை, புளுகு. எங்கள் வீட்டுப் பெரியவர்கள் ஒரு சாரல் பருவம் முழுக்கப் பாடுபட்டுச் செய்த ஒரு காரியத்தைச் சொல்கிறேன். கேட்டுவிட்டுப் பிறகு உருகுங்கள்.

எங்கள் வீடு மேலகரத்தில். அப்பாவுக்குச் சிற்றாற்றுப் பாசனத்தில் வயல் இருந்தது. வயல் இருந்ததால் புத்தியும் இருப்பதாக அவர் நினைத்துக்கொண்டார், ஊரும் அப்படியே நினைத்தது. யுத்தம் இன்னும் வரவில்லை. எனக்கு எட்டு வயது.

அந்த வருஷம் வைகாசிக் கடைசியில் அப்பாவின் தங்கை, என் அத்தை, செங்கோட்டையிலிருந்து இரண்டு மாட்டுவண்டிகளோடு வந்து இறங்கினாள். முன் வண்டியில் அவளும் ஒரு டிரங்குப் பெட்டியும். பின் வண்டி முழுக்க வைக்கோல் திணித்து அடுக்கிய பலகைகள். மாமா ரயிலில் பாலங்களைப் பார்க்கும் ஓவர்சியராக இருந்தவர். மலைக்காய்ச்சல் வந்து நாலே நாளில் போய்விட்டார். அத்தைக்கு இருபத்து மூன்று வயது. பிள்ளை கிடையாது. வெள்ளைச் சேலை கட்டியிருந்தாள், அது அவள் உடம்பில் ஒட்டாமல் இரவல் சேலை மாதிரி நின்றது.

ஆறு பலகைகள். ஒவ்வொன்றும் ஒரு கதவு அகலம். நெல் அறை காலியாக இருந்ததால் அங்கே இறக்கினார்கள். அத்தை அவற்றை வரிசையாகச் சேர்த்து வைத்தபோது நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். தென்காசி ஸ்டேஷன், செங்கோட்டை, பகவதிபுரம், மலையைக் குடைந்த குகை, அந்தப் பக்கம் ஆரியங்காவு என்று கொல்லம் போகும் ரயில்பாதை என் முழங்கால் உயரத்தில் நீண்டு கிடந்தது. ஊருக்குத் திரும்பிய ஒரு வெள்ளைக்காரர் மாமாவுக்கு விட்டுப்போன சாவி எஞ்சினும் நாலு பெட்டிகளும் இருந்தன. மற்றதெல்லாம் வீட்டில் செய்தவை. மண்ணெண்ணெய் டின்னை வெட்டி, மடக்கி, ஈயம் பற்றவைத்த தண்டவாளம். தீப்பெட்டிக் குச்சியில் கைகாட்டி மரம். உடைந்த கண்ணாடிக்கு அடியில் நீலத்தாள் ஒட்டிய சிற்றாறு.

கடைசிப் பலகையில் பதிமூன்று கண் பாலம். நிஜப் பாலத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், மலைச்சரிவில் கல்லால் வளைவு வளைவாகப் போகும், ஒரு வளைவுக்கு ஒரு கண். இங்கே நாலு கண்தான் நின்றது. ஐந்தாவது கண் இருக்கவேண்டிய இடத்தில் ஒன்றுமில்லை. எஞ்சின் அங்கே வரும்போது கையால் பிடிக்காவிட்டால் தரையில் விழும்.

அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "வெந்நீர் அடுப்புக்கு ரெண்டு மாசத்துக்கு ஆகும்" என்றாள். ஜோசியர் வந்து, தலைத்திவசம் கழிவதற்கு முன்னால் செத்தவன் கைவேலையை எரித்தால் குடும்பத்துக்கு ஆகாது என்று சொல்லிவிட்டார். அவர் சொன்னதிலேயே எனக்குப் பிடித்தது அது ஒன்றுதான், அதையும் அவர் வேறு காரணத்துக்குச் சொன்னார். ஆனால் ஆவணி முடிவில் கார் நெல் வந்துவிடும், அறை வேண்டும். அதற்குள் பலகைகளுக்கு ஒரு புது உரிமைக்காரனைப் பிடித்தாக வேண்டும்.

விற்பதா? வீட்டுச் சாமானை விற்றால் குடும்பம் நொடித்துப்போனது என்று பேசுவார்களாம். நாமாகப் போய்ச் சும்மா கொடுப்பதா? அது அதைவிடக் கேவலமாம். கேட்டு வருகிறவனுக்குத்தான் கொடுக்கவேண்டுமாம். யாரும் கேட்கவில்லையே என்றால், கேட்க வைக்கவேண்டும். இதற்கு அப்பா யாரைக் கூப்பிட்டார் தெரியுமா? கல்யாணத் தரகரை.

நான் சிரிப்புக்காகச் சொல்லவில்லை. குடையும் சுருக்குப்பையுமாக அவர் வந்து உட்கார்ந்தார். அப்பா அவரிடம் சொன்னதை நான் தூணுக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டேன்.

"நாமளா போயி வச்சுக்கிடுங்கன்னு நிக்கக் கூடாது வே. அவங்களா கேட்டு வரணும். நல்ல எடமாப் பாரும்."

"அது பெரிய காரியமா அண்ணாச்சி? எடம் நான் பாக்கேன். கொறை எதுவும் உண்டா, முன்கூட்டிச் சொல்லிரணும்லா?"

"பாலம் முடியல. அது ஒண்ணுதான்."

"அதச் சொல்லாண்டாம். வந்து பாத்துக்கிடட்டும்."

இரண்டு பெரிய மனிதர்கள், முகத்தில் கொஞ்சமும் சிரிப்பில்லாமல், வெற்றிலை போட்டுக்கொண்டு பேசிய பேச்சு இது.

இவர்கள் ஊரெல்லாம் ஆள் தேடிக்கொண்டிருந்த அந்த நாட்களில் மத்தியானம் எல்லாரும் கண்ணயர்ந்த பிறகு நெல் அறைக்குள் என்ன நடந்தது என்று எனக்கு மட்டும்தான் தெரியும். அத்தை கரிச்சட்டியில் இரும்பைக் காய வைத்து, ஈயத்தைத் தொட்டு, தகரத்தில் ஒரு இழுப்பு இழுப்பாள். புகை மூக்கில் ஏறும். பார்த்தால் ஒட்டிய இடமே தெரியாது. மாமா மாதத்தில் இருபது நாள் லைன்மேல் போய்விடுவாராம். தென்காசியிலிருந்து செங்கோட்டை வரைக்கும் உள்ள இரண்டு பலகைதான் அவர் செய்தது. அதற்கு மேற்கே உள்ளதெல்லாம், குகையும் மலையும் ஆரியங்காவும், அந்த நாலு கண்ணும், அத்தை செய்தவை.

மலையைத் தொட்டுப் பார்த்தேன். துணி.

"ஆமாட்டி. எஞ் சேலதான்" என்றாள். "பச்சையெல்லாம் மலைக்கு, அரக்கு எல்லாம் மண்ணுக்கு. கஞ்சியில முக்கிப் போட்டா நல்லா வெறச்சு நிக்கும்."

அவளுடைய கலர்ச் சேலைகளை என்ன செய்தாள் என்று அம்மா பலமுறை கேட்டுப் பார்த்து ஓய்ந்திருந்தாள். வண்ணாத்திக்குக் கொடுத்துவிட்டதாக ஒரு பதில் சொல்லி வைத்திருந்தாள் அத்தை. பாதி மலையை மாமா இருக்கும்போது கிழிந்த சேலைகளில் செய்தாளாம். மீதியை அவர் போன பதினேழாம் நாள், கிழியாத சேலைகளில்.

அவள் ஆசை மிகச் சின்னது. நீங்களே சொல்லுங்கள், இதைவிடச் சின்னதாக ஒரு பெண்ணுக்கு ஆசை இருக்க முடியுமா? ஒன்பது கண். அவ்வளவுதான். "ஒம்பது கண்ணு மட்டும் முடிச்சிட்டேம்னா பொறவு யாரு வேணாலும் கொண்டு போகட்டும்ட்டி. தை மாசம் வரைக்கும் விட்டா போதும்." இதை அம்மா மூலமாக அப்பாவிடம் கேட்டுப் பார்த்தாள். அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். "பொம்பளைக்கு ரயிலு எதுக்கு?" என்று சொல்லிவிட்டு ரசம் கேட்டார்.

தரகர் சொன்ன மாதிரியே ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். அம்மா கேசரி கிண்டினாள், வாழைக்காய் பஜ்ஜி போட்டாள். வந்தவர்கள் முன்னால் அத்தை தலைகாட்டக் கூடாது. ஆகவே ரயிலை ஓட்டிக் காட்டும் வேலை எனக்கு வந்தது. அத்தை ஒரு வாரம் எனக்குப் பழக்கிக் கொடுத்தாள். எத்தனை முறுக்கு, எந்த இடத்தில் பாதை மாற்றுவது, நாலாவது கண்ணில் எப்படி எஞ்சினைப் பிடிப்பது. பார்க்க வரும் நாளில் எனக்குப் பட்டுப் பாவாடை கட்டி ரிப்பன் வைத்துப் பின்னி விடுவாள். பிறகு உள்கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொள்வாள். கதவு இடுக்கில் வெள்ளையாய்க் கொஞ்சம் சேலை தெரியும்.

முதலில் வந்தவர் தென்காசிப் பள்ளிக்கூடத் தலைமை ஆசிரியர். கேசரியை இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டார். எஞ்சின் ஓடியதும் அவருக்கு முகம் சுருங்கிவிட்டது. எஞ்சினும் பெட்டியும் வேண்டாம், பையன்கள் கெட்டுப்போவார்கள், பலகைகளை மட்டும் கொடுத்தால் சுவரில் மாட்டிப் பூகோள பாடம் நடத்துவேன் என்றார். மலையைச் சுவரில் மாட்டினால் ஆறு எப்படி ஓடும் என்று நான் கேட்டேன். அதிகப்பிரசங்கி என்று தலையில் குட்டிவிட்டுப் போனார்.

அடுத்தவர் புளியங்குடி எலுமிச்சை மண்டிக்காரர். சட்டைப்பையில் ஒரு எலுமிச்சம்பழம் கொண்டு வந்திருந்தார். அதைப் பெட்டியில் வைத்து ஓட்டச் சொன்னார். ஆயுத பூஜைக்கு மண்டி வாசலில் வைக்கலாம், எலுமிச்சை தானாகவே பட்டணம் போவது மாதிரி இருக்கும் என்பது அவர் யோசனை. பழம் பெரிது. செங்கோட்டை தாண்டுவதற்குள் பெட்டி கவிழ்ந்து, பழம் பகவதிபுரம் ஸ்டேஷன் கூரையைப் பெயர்த்துக்கொண்டு உருண்டது. கதவுக்குப் பின்னால் மூச்சை இழுக்கும் சத்தம் கேட்டது. "எஞ்சினுக்குச் சத்து கொறச்சல்தான்" என்று சொல்லிவிட்டு அவர் பழத்தை எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டு கிளம்பினார். அந்தக் கூரையை அத்தை மூன்று நாள் உட்கார்ந்து திரும்பச் செய்தாள்.

பிறகு குற்றாலத்துப் பங்களாக்காரர். சீசனுக்கு வருகிறவர்களுக்குப் பங்களா வாடகைக்கு விடுகிறவர், உடம்பெல்லாம் எண்ணெய் மினுக்கு. ரயிலைப் பார்த்துக் கைதட்டினார். சந்தோஷப்பட்டோம். உடனே கேட்டார்:

"சாப்பாட்டு மேசையச் சுத்தி ஓடுமா? சமயக்கட்டுல வடைய ஏத்தி விட்டா மேசைக்கு வந்துரணும். எவ்வளவு சனம் வரும் பாத்துக்கிடுங்க."

இவர்களில் ஒருவராவது குனிந்து பார்க்கவில்லை. மீதி ஒன்பது கண் எங்கே என்று ஒருவராவது கேட்கவில்லை. தரகர் பயந்த ஒரே குறை யார் கண்ணிலும் படவில்லை.

ஆனால் எல்லாரும் என்னைப் பாராட்டினார்கள். இதையும் சொல்லித்தான் ஆகவேண்டும். என்ன சமர்த்து, எட்டு வயசுப் பிள்ளை எப்படி ஓட்டுது என்று. அப்பா என் முதுகைத் தட்டி, "எல்லாம் இவ கைவேலைதான்" என்று விளையாட்டுக்குச் சொல்வார். அவர் என்னைத் தொட்டுப் பேசியது அந்த ஆடி மாதத்தில்தான் அதிகம். எனக்குத் தலைகால் புரியவில்லை. மூன்று வாரத்தில் அந்த விளையாட்டை நானே நம்பத் தொடங்கிவிட்டேன்.

கடைசியாக வந்தவர் தரகர் கூட்டி வந்த ஆள் இல்லை. மாமாவுக்குக் கீழே வேலை பார்த்த பாலத்து மேஸ்திரி. ஆரியங்காவுப் பக்கத்துக்காரர். செங்கோட்டைச் சந்தையில் யாரோ சொல்லக் கேட்டு, சாரலில் நனைந்துகொண்டு நடந்தே வந்திருந்தார். மேஸ்திரிக்கு எதற்குக் கேசரி? வாசல் ஓரத்தில் நிற்க வைத்து மோர் கொடுத்தார்கள். பார்த்துவிட்டுப் போகிறேன் என்று அவர் கெஞ்சியதால் அப்பா உள்ளே விட்டார்.

அவர் எஞ்சினை ஓட்டச் சொல்லவில்லை. தரையில் உட்கார்ந்து, பிறகு படுத்தேவிட்டார். தண்டவாளத்தின் மட்டத்தில் கண்ணை வைத்து ஒவ்வொரு பலகையாக ஊர்ந்து பார்த்தார். குகை வாசலில் ரொம்ப நேரம் அப்படியே கிடந்தார். எழுந்து உட்கார்ந்து அப்பாவிடம் சொன்னார்:

"இந்த ரெண்டு பலகையும் சாரோட கை. எனக்கு அறியாம், நல்லாத் தெரியும். சாரு ஈயத்த அள்ளி வைப்பாரு, பாவம். செங்கோட்டைக்கு மேக்க வேற கையாக்கும். ஈயம் எங்கன இருக்குன்னே தெரியல. இது யாரு செஞ்சது?"

"எல்லாம் எங்க மச்சான் செஞ்சதுதான்."

"இல்ல அண்ணாச்சி. நான் ஆறு வருஷம் அவரு கூட நின்னவன்." அவர் என் பக்கம் திரும்பினார். "பாப்பா, ஒனக்குத் தெரியுமா?"

எனக்குத் தெரியும். அந்த வீட்டில் எனக்கு மட்டும்தான் தெரியும்.

"நாந்தான் செஞ்சேன்" என்றேன்.

அப்பா சிரித்தார். மேஸ்திரி சிரிக்கவில்லை. அப்போது கதவுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது, கோபமோ நடுக்கமோ இல்லாத குரல்.

"பொய் சொல்லாதட்டி. செங்கோட்டைக்கு மேக்க உள்ளது அம்புட்டும் நான் செஞ்சது. பாலத்துல இன்னும் ஒம்பது கண்ணு பாக்கி. தை மாசத்துக்குள்ள முடிச்சிருவேன்."

மேஸ்திரி எழுந்து நின்று கதவைப் பார்த்துக் கை குவித்தார். பிறகு அப்பாவிடம், அந்தப் பருவம் முழுக்க எங்கள் வீட்டில் யாரும் சொல்லாத ஒரு ஒழுங்கான வார்த்தையைச் சொன்னார். "அப்பம் இது இங்கனயே இருக்கட்டும் அண்ணாச்சி. அவங்க முடிக்கட்டும். தகரம், ஈயம், மரம் எது வேணும்னாலும் நான் கொண்டாந்து வாசல்ல வச்சிட்டுப் போறேன். முடிஞ்ச பொறவு சொல்லி அனுப்புங்க. செங்கோட்டையில லைன்காரங்க பிள்ளைங்க எல்லாரும் வந்து பாக்கிற மாதிரி ஒரு எடத்துல வைக்கேன்."

அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "நெல்லு வருது" என்றார். "நீரு போயிட்டு வாரும்."

அவர் தெருமுனை திரும்பும் வரைக்கும் அப்பா பொறுத்திருந்தார், அந்தக் கண்ணியம் மட்டும் இருந்தது. பிறகு உள்ளே வந்தார்.

"வெளி ஆம்பளைக்குக் கொரலு குடுக்கதுக்கா ஒன்னய கூட்டியாந்து வச்சிருக்கு?"

"அவரு கேட்டாரு. நான் சொன்னேன்" என்றாள் அத்தை.

"சாமானு குடுத்து அனுப்புதானாம். இன்னிக்குத் தகரம் வரும், நாளைக்கு என்னா வரும்? ஊரு என்ன பேசும்?"

ஊர் ஒன்றும் பேசியிருக்காது. ஊர் அருவியில் குளித்துவிட்டு நுங்கு தின்றுகொண்டிருந்தது. ஆனால் அப்பாவுக்கு அந்த ஊரைத் தவிர வேறு சாமி கிடையாது. அம்மா பக்கத்தில் நின்று முந்தானையைத் திருகிக்கொண்டிருந்தாள். என்னிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. பொய் சொன்னதற்கு ஒரு அடி விழுந்திருந்தால்கூட இந்த வயதில் எனக்கு இத்தனை அருவருப்பு இருந்திருக்காது. அத்தை கதவுக்குப் பின்னால் வாயை மூடிக்கொண்டு நிற்க எல்லாவற்றுக்கும் பழகியிருந்தாள். பூகோளம், எலுமிச்சை, வடை எல்லாவற்றையும் பொறுத்தாள். என் பொய்யைத்தான் பொறுக்க முடியவில்லை.

மறுநாள் காலையிலேயே தரகருக்கு ஆள் போயிற்று. பங்களாக்காரர் ஏற்கெனவே வடைக்காகக் கேட்டு வைத்திருந்தார் அல்லவா? கேட்டு வந்த இடம். கௌரவமான இடம். வெற்றிலை பாக்கு பழத்தோடு தட்டு மாற்றாத குறையாக முடித்தார்கள்.

பலகைகளை ஏற்றிய அன்றைக்குச் சாரல் விடவேயில்லை. வண்டிக்குக் கூண்டு இல்லை. மேலே ஒரு பாயைப் போட்டு அனுப்பினார்கள். இரண்டரை மைல்தானே என்றார் அப்பா. கஞ்சியில் விறைத்த துணிமலை சாரலில் என்ன ஆகும் என்று கேட்க அவருக்குத் தோன்றவில்லை, சொல்லக்கூடிய ஆளின் வாயை அடைத்தாகிவிட்டது. அத்தை வண்டியைப் பார்க்க வெளியே வரவில்லை. அடுக்களையில் உளுந்து அரைத்துக்கொண்டிருந்தாள்.

நெல்லைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அந்த வருஷம் கார் விளைச்சல் சோடை. வந்த நெல் அறையில் கால்வாசியைக்கூட அடைக்கவில்லை. பலகைகள் கிடந்த பக்கம் அடுத்த தை வரைக்கும் வெறுந்தரையாகத்தான் கிடந்தது. அத்தை அதைத் தினமும் பெருக்கினாள்.

அடுத்த ஆடியில் அருவிக்குப் போனபோது பங்களாக்காரர் எங்களை வற்புறுத்தி அழைத்துப்போனார். எஞ்சினின் சுருள்வில்லை யாரோ சீசன் பிள்ளைகள் முறுக்கியே அறுத்துவிட்டார்களாம். பின்கட்டில் செங்கல் அடுக்கி அதன்மேல் பலகைகளைப் போட்டிருந்தார்கள். குளித்துவிட்டு வருகிறவர்கள் ஈரத்துணி போட வசதியாக இருந்தது. பச்சைச் சாயம் இறங்கித் தரையெல்லாம் திட்டுத்திட்டாக இருந்தது. அத்தையும் எங்களோடு வந்திருந்தாள். ஒரு நிமிஷம் பார்த்தாள், பிறகு என் தலையைத் துவட்டத் தொடங்கினாள். "நல்ல எடத்துலதான் இருக்கு" என்று அப்பா அம்மாவிடம் சொன்னார். அவர் மனப்பூர்வமாகத்தான் சொன்னார். அதுதான் எனக்கு இன்றைக்கும் ஆத்திரம்.

பிறகு இருபது வருஷம் கழித்து நடந்ததையும் கேளுங்கள். நான் கல்யாணமாகித் திருநெல்வேலியில் இருந்தேன். என் இரண்டாவது பிரசவத்துக்குத் துணையாக அத்தை வந்திருந்தாள். தையல் மெஷின் ஓடவில்லை என்று ஆள் வரவழைத்தோம். அவன் ஒரு மணி நேரம் அதைக் கழற்றிப் பரப்பி, வியர்த்து, திரும்ப மாட்டினான். அத்தை தூணில் சாய்ந்துகொண்டு ஒரு வார்த்தை பேசாமல் அவன் விரல்களையே பார்த்தாள். அவன் போன பிறகு, தொட்டிலை ஆட்டிக்கொண்டே சொன்னாள்:

"அடியில உள்ள பல்லுச் சக்கரத்தத் திருப்பி மாட்டிட்டுப் போறான். ரெண்டு நாளைக்கு மேல ஓடாது."

எனக்குக் கோபம் வந்தது. "பாத்துக்கிட்டேதான நின்னீங்க அத்தை? அவன்கிட்டச் சொல்லியிருக்கலாம்லா?"

"ஒருக்கா சொன்னேம்லாட்டி" என்றாள் அத்தை.

குழந்தை தூங்கிவிட்டது. அவள் எழுந்து அடுக்களைக்குப் போனாள். இரண்டாம் நாள் மெஷின் நின்றது. என் வீட்டுக்காரர் மறுபடியும் அதே ஆளுக்குச் சொல்லி அனுப்பினார், நான் ஒன்றும் சொல்லவில்லை.